தேனீக்களோடு தேரிக்காட்டுக்கு... வழித்துணைக்கு இரண்டாவது பேட்டரி!

பங்குனி மாதக் கடைசி. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பொழுது சாய்ந்து, மேய்ச்சலுக்குப் போன தேனீக்கள் எல்லாம் பெட்டிக்குத் திரும்பும்வரை காத்திருந்தோம். இருட்டியதும் டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியின் வாசலையும் கம்பிவலையால் அடைத்தோம். சிவப்பு வெளிச்சம் தேனீயின் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை வெளிச்சம் பட்டால் விளக்கை நோக்கி ஏறிவரும்.

முப்பது பெட்டிகளையும் பழைய டீசல் வேனில் ஏற்றி முடிக்க ஒன்பது மணி ஆனது. சட்டங்கள் வண்டி ஓடும் திசையிலேயே நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்கே வைத்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அடைகள் ஊஞ்சலாடி ஒன்றோடொன்று மோதும். கிளம்புவதற்கு முன் வேனின் பக்கக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் சின்ன மீட்டரைப் பார்த்தேன். முதல் பேட்டரி 12.7 வோல்ட். இரண்டாவது பேட்டரி 12.7 வோல்ட்.

"ரெண்டும் செரியா இருக்கா?" என்று கேட்டாள் மனைவி. இருக்கிறது என்றேன். அதன்பிறகுதான் வண்டியில் ஏறினாள். ஆறு வருடங்களாக இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அதற்கு நாங்கள் கொடுத்த விலை ஏழு தேனீக் கூட்டங்கள்.

பூ இருக்கும் இடத்துக்கு வண்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேனீ வளர்ப்பு புதிதல்ல. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ-வின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் காலத்திலிருந்தே இங்கே பெட்டியில் தேனீ வளர்க்கிறார்கள். என் அப்பாவும் வளர்த்தார். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்ப்ரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் எங்கள் பகுதியிலும் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்தது. அப்பாவின் பெட்டிகள் எல்லாம் காலியாகிக் கொல்லைப்புறத்தில் அடுக்கிக் கிடந்தன. பல வருடம் கழித்து அவற்றைத் தட்டிக் கொட்டி, நான் மறுபடியும் தொடங்கினேன்.

எங்கள் முதல் அறுவடை ரப்பர் தேன். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர் விடும்போது இலைக்காம்பில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து இனிப்பு வடியும். பூவிலிருந்து அல்ல, இலையிலிருந்து கிடைக்கும் தேன் அது. மாசி, பங்குனியில் தேன் கொட்டும். பிறகு சட்டென்று நின்றுபோகும். அந்த நேரத்தில் கிழக்கே தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளம் பக்கம் முருங்கை பூத்திருக்கும், வேம்பு பூக்கத் தொடங்கும். பெட்டிகளை அங்கே கொண்டுபோனால் கூட்டமும் பிழைக்கும், இன்னொரு அறுவடையும் கிடைக்கும். இல்லையென்றால் சர்க்கரைப்பாகு ஊற்றிக் காப்பாற்ற வேண்டியதுதான்.

சுமார் 100 கிலோமீட்டர் வழி. திருவட்டாறு, அழகியமண்டபம், தக்கலை, நாகர்கோவில் என்று ரப்பரும் தென்னையுமாகப் போய், பூச்சந்தை கூடும் தோவாளையைக் கடந்தால் ஆரல்வாய்மொழி. மலை விலகி வழிவிடும் அந்தக் கணவாயில் காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளும். முப்பந்தலில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் இருட்டில் மின்னிக்கொண்டே இருக்கும். காவல்கிணறு தாண்டி வடக்கன்குளம், ராதாபுரம் என்று திரும்பினால் ஊரே வேறு. பச்சை குறைந்து, பனையும் உடைமரமும் வரும். திசையன்விளையை நெருங்கும்போது மண் சிவக்கத் தொடங்கும். அதுதான் தேரி. ஒரே இரவில் ஈரமான மலையடிவாரத்திலிருந்து செம்மணல் காட்டுக்கு வந்துவிடுவோம்.

அந்த ஒரு இரவு

ஆறு வருடங்களுக்கு முன், இதே வேன், இதே முப்பது பெட்டி. அப்போது வண்டியில் ஒரே பேட்டரி. அதுவும் நான்கு வருடம் பழையது. நானும் மனைவியும் மச்சினனும் கிளம்பினோம்.

மூடிய வேனுக்குள் பெட்டிகள் புழுங்கக் கூடாது என்று லாரிகளில் மாட்டும் 12 வோல்ட் மின்விசிறி மூன்றை உள்ளே பொருத்தியிருந்தேன். நல்ல யோசனைதான். ஆனால், அவை எங்கிருந்து மின்சாரம் எடுக்கின்றன என்று நான் யோசிக்கவில்லை.

நள்ளிரவில் ராதாபுரத்தைத் தாண்டும்போது தோட்டக்காரரிடமிருந்து போன் வந்தது. "பக்கத்துத் தோட்டத்துல சாயங்காலம் முருங்கைக்கு மருந்து அடிச்சிட்டாவ. இப்ப கொண்டுவந்து வைக்காதிய. காலைல வாங்க, வேற எடம் காட்டுதேன்" என்றார். அவர் சொன்னது நல்லதுக்குத்தான். மருந்தடித்த பூவில் தேனீயை விட்டால் கூட்டமே போய்விடும். சாலையோரம் ஒரு பனங்காட்டில், மணலில் வேனை இறக்கி நிறுத்தினோம். இன்ஜினை அணைத்தேன். பூச்சிகளுக்குக் காற்று வேண்டுமே என்று மின்விசிறிகளை அணைக்கவில்லை. உள்விளக்கும் எரிந்தது. முன் இருக்கையில் சாய்ந்தபடி மூவரும் தூங்கிவிட்டோம்.

ஐந்தரைக்கு விழித்தபோது மின்விசிறிகள் நின்றிருந்தன. சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரே சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. மறுபடி திருப்பினேன். அந்தச் சத்தமும் இல்லை.

முப்பது பெட்டி ஏற்றிய வேன் மணலில் சக்கரம் புதைந்து நிற்கிறது. மூன்று பேர் தள்ளி அசையவில்லை. பால் வண்டி ஒன்று வந்தது, லாரி ஒன்று வந்தது. யாரிடமும் பேட்டரிக்குப் பேட்டரி இணைக்கும் வயர் இல்லை. திசையன்விளையில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனின் எண்ணைத் தேடிப் பிடித்தோம். ஒன்பது மணிக்குத்தான் வர முடியும் என்றார்.

தேனீ வளர்ப்பவர்களுக்குத் தெரியும். குஞ்சுகள் இருக்கும் அடையைத் தேனீக்கள் 33 முதல் 35 டிகிரி வெப்பத்தில் வைத்துக்கொள்ளும். சூடு ஏறினால் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, வாசலில் நின்று சிறகால் விசிறும். வாசலை அடைத்துவிட்டால் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. பதற்றத்தில் அவை அசைய அசைய உள்ளே சூடு இன்னும் ஏறும். மெழுகு உருகும்வரை போக வேண்டியதில்லை. இளகினாலே போதும், பாரம் தாங்காமல் அடை அறுந்து விழும்.

ஏழு மணிக்குப் பெட்டிகளிலிருந்து வந்த ரீங்காரம் எட்டு மணிக்கு இரைச்சலாக மாறியது. மூடியில் கை வைத்தால் சூடு தெரிந்தது. தண்ணீரைக் கோணிச்சாக்கில் நனைத்துப் போர்த்தினோம். வாசலைத் திறக்கலாமா என்று மச்சினன் கேட்டான். திறந்தால் பறந்துவிடும், இரவுவரை இந்த இடத்தை விட்டு நகர முடியாது, அடுத்தவர் நிலம் வேறு, இதோ எலெக்ட்ரீஷியன் வந்துவிடுவார் என்று நான்தான் தடுத்தேன். அந்த முக்கால் மணி நேரத் தயக்கம்தான் எங்களை முடித்தது.

பதநீர் இறக்கும் ஆட்களோடு ஓர் ஆச்சி வந்தார். பனங்காடு அவர்களுடையது. வேனில் என்ன சத்தம் என்று கேட்டார். சொன்னேன்.

"யய்யா, சீவனுள்ளதை வெயில்ல பூட்டி வச்சிருக்கியளே! மொதல்ல எறக்குங்க. வண்டி எங்க போயிரும்?" என்றார்.

"கொட்டுமே ஆச்சி" என்றேன்.

"பனங்காட்டுல பொறந்தவளுக்குக் கொளவியப் பாத்து என்ன பயம்? எறக்குங்கய்யா."

பதநீர் இறக்க வந்தவர்களும் கைகொடுத்தார்கள். முப்பது பெட்டிகளையும் உடைமர நிழலில் இறக்கி வாசலைத் திறந்தோம். இருபத்து மூன்று பெட்டிகளிலிருந்து தேனீக்கள் பொங்கி வெளியே வந்தன. ஏழு பெட்டிகளிலிருந்து ஒன்றிரண்டுதான் ஊர்ந்து வந்தன. மூடியைத் திறந்து பார்த்தால் அடைகள் சரிந்து, தேனில் நனைந்து, தேனீக்கள் குவியலாகக் கிடந்தன. நான்கு கூட்டங்கள் அன்றே போயின. மீதி மூன்றும் இரண்டு நாளில் பெட்டியை விட்டு ஓடிவிட்டன.

அப்பாவின் பெட்டிகளை நோய் காலி செய்தது. என் பெட்டிகளை நான்தான் காலி செய்தேன். பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மனைவி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "பேட்டரிக்க தப்பு ஒண்ணும் இல்ல. நம்மளுக்க தப்பு."

விதைநெல்லைக் குத்தித் தின்ற கதை

ஒன்பது மணிக்கு வந்த எலெக்ட்ரீஷியன், தன் வண்டியிலிருந்து வயர் கொடுத்து ஒரே நிமிடத்தில் வேனைக் கிளப்பினார். பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மின்விசிறி 25 வாட், மூன்றுக்கும் 75 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 375 வாட்-அவர். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 31 ஆம்பியர்-அவர். உள்விளக்கு தனி. வண்டியில் இருந்தது 75 ஆம்பியர்-அவர் பேட்டரி. ஆனால், அது புதிதாக இருந்தபோது. நான்கு வருடம் ஓடித் தேய்ந்த பேட்டரியில் அந்தக் கொள்ளளவு எங்கே இருக்கிறது?

அதோடு இன்னொன்றும் சொன்னார். வண்டியைக் கிளப்பும் பேட்டரி, சில நொடிகள் பெரிய மின்னோட்டத்தைக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் தகடுகள் மெல்லியவை. விளக்கும் விசிறியும் போட்டு இரவெல்லாம் வடியவிட்டால் சீக்கிரமே கெட்டுவிடும். மணிக்கணக்கில் மெதுவாக மின்சாரம் கொடுக்கத் தடித்த தகடு உள்ள வேறு வகை பேட்டரி வேண்டும்.

எனக்கு அப்பா சொல்வது நினைவுக்கு வந்தது. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல் குதிரில் கை வைக்கக் கூடாது என்பார். சாப்பாட்டு நெல் தீர்ந்தால் ஒரு வேளை பட்டினி. விதைநெல் தீர்ந்தால் அடுத்த பூவே இல்லை. வண்டியைக் கிளப்பும் பேட்டரி விதைநெல். விளக்குக்கும் விசிறிக்கும் போனுக்கும் தனிக் குதிர் வேண்டும்.

முதல் முயற்சியில் நடந்த தவறு

ஊருக்குத் திரும்பியதும் ஒரு பட்டறையில் இரண்டாவது பேட்டரி வாங்கிப் பொருத்தினேன். பின்பக்கப் பலகைக்குக் கீழே பேட்டரியை வைத்து, வீட்டுக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரால் இரண்டு பேட்டரிகளையும் நேராகச் சேர்த்துவிட்டார்கள். நடுவில் எதுவும் இல்லை. அடுத்த பயணத்தில் இரண்டும் சேர்ந்தே இறங்கின. இரண்டு குதிருக்கும் நடுவில் ஓட்டை போட்டுவிட்டால் அது ஒரே குதிர்தானே? போதாக்குறைக்கு வயர் சூடாகிப் பிளாஸ்டிக் கருகிய வாசம் வேறு. ஃபியூஸும் இல்லை. தீப்பிடிக்காதது எங்கள் நல்ல நேரம்.

மறுபடி அந்தத் திசையன்விளை எலெக்ட்ரீஷியனிடமே போனேன். அவர் செய்ததைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன்.

முதலில் வயர். பேட்டரிகளுக்கு நடுவில் 3 மீட்டர். போக வர 6 மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 25 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 1 வோல்ட் குறைந்துபோகும். ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தாலும் இரண்டாவது பேட்டரிக்கு 13.2 தான் வந்து சேரும். அது மிக மெதுவாகத்தான் நிறையும். 16 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.16 வோல்ட்தான். நீளமான வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் வாய்க்கால் அகலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் வேனில் பாடி எர்த் பல இடத்தில் துருப்பிடித்திருந்ததால் மைனஸுக்கும் தனி வயர் இழுத்தார்.

அடுத்து ரிலே. வோல்ட்டேஜைப் பார்த்துத் தானே இணைக்கும், தானே பிரிக்கும் ரிலே. வி.எஸ்.ஆர். என்று கேட்டால் கிடைக்கும். இன்ஜின் ஓடி, முதல் பேட்டரி 13.3 வோல்ட்டைத் தொட்டதும் இரண்டையும் இணைத்துச் சார்ஜ் ஏற்றும். இன்ஜினை அணைத்து 12.8-க்கு இறங்கியதும் பிரித்துவிடும். முதல் பேட்டரிக்குத்தான் முதல் பங்கு, பிறகே அடுத்ததற்கு. இரவில் நான் தூங்கினாலும் ரிலே தூங்காது. கையால் போடும் சுவிட்ச்சும் உண்டு, விலை குறைவு. ஆனால், களைத்துப்போய் நிறுத்தும் இரவில்தான் அதை அணைக்க மறப்போம்.

மூன்றாவது ஃபியூஸ். இரண்டு பேட்டரியின் பிளஸ் முனையிலும், ஒரு சாண் தூரத்துக்குள் ஒவ்வொரு 60 ஆம்பியர் ஃபியூஸ். ஒன்று மட்டும் போதாதா என்று கேட்டேன். நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் இரண்டு பேட்டரியும் இரண்டு பக்கமிருந்து மின்சாரத்தைக் கொட்டும், ஒரு பக்கத்தை மட்டும் அடைத்தால் என்ன பயன் என்றார். விளக்கு, விசிறி, போன் சார்ஜர் ஒவ்வொன்றுக்கும் தனிச் சின்ன ஃபியூஸ்.

வயர் தகரத்தைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் வளையம், மற்ற இடங்களில் நெளிகுழாய். சைலன்சர் பக்கமே போகவில்லை. பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டி, பெட்டியிலிருந்து ஒரு குழாயை வெளியே விட்டார். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பற்றக்கூடியது. நாங்கள் படுக்கும் இடத்தில் அது தேங்கக் கூடாது.

தேரிக்காட்டில் இருபது நாள்

பெட்டிகளை இறக்கிவிட்டால் வேன்தான் வீடு. பின்பக்கம் ஒரு பலகை, அதன் மேல் பாய். ஒரு மண்ணெண்ணெய் டின்னில் அரிசி, ஒரு பானையில் தண்ணீர். எறும்பு ஏறாமல் பெட்டிக் கால்களுக்குக் கீழே வைத்த தண்ணீர்க் கிண்ணங்களைத் தினமும் நிரப்ப வேண்டும். தேனீ குடிக்க அகன்ற சட்டியில் தண்ணீர் வைத்து, நடுவே கற்களைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பதநீர்க் கலயங்களைத் தேடிப்போய் விழுந்து சாகும். பனையேறிகளுக்கும் அது தொல்லை.

வெயில் காலையிலேயே ஏறிவிடும். மதியம் செம்மணலில் கால் வைக்க முடியாது. சாயங்காலம் கடல் பக்கமிருந்து காற்று வரும்போது தேரி ஆறத் தொடங்கும். முருங்கைப் பூவின் மணமும், எங்கோ கருப்பட்டி காய்ச்சும் வாசமும் சேர்ந்து வரும். உடன்குடிக் கருப்பட்டியின் ஊர் பக்கத்தில்தான். வேம்பு பூக்கும் வருடத்தில் தேனில் லேசான கசப்பு ஏறும். அதைக் கேட்டு வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

இங்கேதான் இரண்டாவது பாடம் கிடைத்தது. வேன் ஓடினால்தான் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும். இருபது நாள் ஒரே இடத்தில் நின்றால்? எங்கள் ஓர் இரவுச் செலவு இது: 5 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, 5 மணி நேரம், 50 வாட்-அவர். 20 வாட் மின்விசிறி ஒன்று, 8 மணி நேரம், 160. இரண்டு போன் சார்ஜ் ஏற்ற 30. மொத்தம் 240 வாட்-அவர். அதாவது 20 ஆம்பியர்-அவர். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். எனவே 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் நாம் எடுக்கக்கூடியது 50 தான். இரண்டு இரவு தாங்கும், மூன்றாவது இரவு தாங்காது.

அதற்காக வேன் கூரையில் 100 வாட் சோலார் தகடு ஒன்று போட்டேன். தேரிக்காட்டு வெயிலில் தூசி, சூடு எல்லா இழப்பும் போக ஒரு நாளைக்குச் சுமார் 300 வாட்-அவர் கிடைக்கிறது. இரவில் செலவழித்தது மறுநாள் மாலைக்குள் திரும்பிவிடுகிறது. தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். செம்மண் தூசியை ஈரத்துணியால் துடைப்பது மனைவியின் காலை வேலை.

பேட்டரி 11,000, ரிலே 2,500, வயர், ஃபியூஸ், பெட்டி, கூலி எல்லாம் 4,500, சோலார் தகடும் கன்ட்ரோலரும் 5,500. மொத்தம் 23,500 ரூபாய் எனக்கு ஆனது. ஏழு கூட்டத்தோடு அந்த வருட முருங்கைத் தேனில் எனக்கு விழுந்த துண்டைக் கணக்குப் பார்த்தால் இது பெரிய செலவல்ல.

முருங்கை, எள், சூரியகாந்தி போடும் விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பூ இருக்கும்போது மருந்தடிப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். அடித்தே ஆக வேண்டுமென்றால் தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்து அடியுங்கள். முதல் நாளே பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த இரவில் எனக்கு வந்த போன் மட்டும் வராமல் இருந்திருந்தால், ஏழோடு போயிருக்காது.

கேட்கப்படும் கேள்விகள்

*வேனைப் பார்க்கும் விவசாயிகள் என்னிடம் வழக்கமாகக் கேட்பவை இவை.*

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை வேனில் வைக்கலாமா?
உயரமானது, அமிலம் நிறைந்தது. குலுங்கும் வண்டியில் சிந்தும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, சோலாருக்கென வரும் சீல் செய்த பேட்டரி நல்லது. டிராக்டரிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி இந்த வேலைக்கு ஆகாது.

லித்தியம் பேட்டரி போடலாமா?
போடலாம். ஆனால், வெறும் ரிலேவால் இணைக்கக் கூடாது. அது ஆல்டர்னேட்டரிலிருந்து அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்துச் சூடாக்கும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளுக்கும் இதுவே பொருந்தும்.

பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
இன்ஜின், விளக்கு, சோலார் எல்லாவற்றையும் நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள். 12.7 இருந்தால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும்.

ரிலே வேலை செய்கிறதா என்று சோதிப்பது எப்படி?
இன்ஜினை அணைத்துச் சிறிது நேரம் கழித்து, இரண்டாவது பேட்டரியில் மட்டும் விசிறியைப் போட்டு இரண்டையும் அளந்து பாருங்கள். அளவு வேறு வேறாக இருந்தால் பிரிந்திருக்கிறது. இன்ஜினை ஓட்டிச் சில நிமிடம் கழித்து இரண்டிலும் 14 வோல்ட் அளவில் வந்தால் இணைந்திருக்கிறது.

நானே செய்யலாமா?
பழக்கம் இருந்தால் செய்யலாம். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். வயர் எல்லாம் இழுத்து முடித்த பிறகே ஃபியூஸைப் போடுங்கள். பழக்கம் இல்லையென்றால் ஆட்டோ எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆனால், பக்கத்திலேயே நின்று வயரின் தடிமனையும் இரண்டு ஃபியூஸையும் கேட்டு வாங்குங்கள். வண்டியின் கூரை, பாடி போன்றவற்றை மாற்றுவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும்.

மறுபடியும் அதே பனங்காடு

இந்த வருடமும் அந்தப் பனங்காட்டில் வேனை நிறுத்தினோம். இப்போது அங்கே நிறுத்த வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் நிறுத்துகிறோம். மணலில் அல்ல, கெட்டித் தரையில். இணைப்பு வயர் ஒன்று இருக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கிறது, எங்களுக்காக மட்டுமல்ல, வழியில் யாராவது நிற்பார்கள் என்பதற்காகவும். உள்ளே மூன்று விசிறிகளும் இரண்டாவது பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன.

ஐந்து மணிக்கு ஆச்சி வந்தார். முதுகு இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. ரப்பர் தேன் ஒரு பாட்டில் கொடுத்தோம். பனையோலைக் கொட்டானில் கருப்பட்டி கொடுத்தார். வேனுக்குள் காதைக் கொடுத்துக் கேட்டார். உள்ளே ரீங்காரம் சீராக இருந்தது.

"பேட்டரி எப்படி இருக்குய்யா?" என்றார். பேரப்பிள்ளையை விசாரிப்பதுபோல இருந்தது.

"ரெண்டும் நல்லா இருக்கு ஆச்சி."

சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. வெயில் ஏறுவதற்குள் சாத்தான்குளம் போய்ப் பெட்டிகளைத் திறந்துவிட்டோம். முப்பதும் பறந்தன.